வெள்ளி மாலை, செங்கம் சாலை

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏறிப் பத்தாம் நாள். வெள்ளிக்கிழமை. பகல் இரண்டு மணி.

செங்கம் சாலையிலிருந்து ஒரு சந்து பிரிகிறது. முனையில் இளநீர் வண்டி. பக்கத்தில் வாடகை சைக்கிள்கள். சந்தின் கோடியில் ஒரு மாடி வீடு. மேலே கீற்றுக் கொட்டகை, தாழ்ந்த மேசைகள், கோரைப்பாய். கீழே சமையற்கட்டு.

வாசலில் கரும்பலகை. சாக்கட்டியால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஹம்மஸ், ஃபலாஃபல், ஷக்‌ஷூகா, இஞ்சி எலுமிச்சை டீ. கடைசி வரி மட்டும் எபிரேய எழுத்து. வலமிருந்து இடமாகப் போகிறது. போன வாரம் வந்த யாரோ எழுதியது. கடைக்காரர் தினமும் பலகையைத் துடைக்கிறார். அந்த வரிக்கு வந்ததும் துணியை உதறிவிடுகிறார்.

முட்டை உண்டு. கறி, மீன் இல்லை. ரமணாசிரமம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

சுருள்முடிப் பெண் ஒருத்தி துணிப்பையைத் திண்ணையில் கவிழ்க்கிறாள். மைதா இரண்டு பொட்டலம். ஈஸ்ட் டப்பி. ஒரு அட்டை முட்டை. ஊதாக் கத்தரிக்காய். உலர்திராட்சை. மெழுகுவத்தி இரண்டு. அரை கிலோ கல்லுப்பையும் எடுத்து வைக்கிறாள். சமையல்கார அம்மாள் உப்புப் பொட்டலத்தை மட்டும் திரும்பப் பைக்குள் போடுகிறாள். உப்பு இங்கே இருக்கிறது.

நவம்பர் தொடங்கினால் இவர்கள் வருகிறார்கள். இஸ்ரேலில் ராணுவச் சேவை முடித்த இளைஞர்கள், வேலையை விட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள். வெயில் ஏறியதும் வடக்கே மலைப் பக்கம் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்தவர்கள் அம்மாளுக்கு ஒவ்வொரு பதார்த்தம் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளிடம் எழுதி வைத்த குறிப்பு எதுவும் இல்லை. கை அளவுதான்.

பலகையில் இருப்பதில் பாதிக்கு மேல் அரபு வீட்டுச் சாப்பாடு. வேகவைத்த கொண்டைக்கடலையை எள் விழுதோடு அரைப்பது, யூதர்கள் திரளாக வந்து இறங்குவதற்கு முன்பே சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் இருந்த வழக்கம். தக்காளிக் கொதியில் முட்டையை உடைத்து ஊற்றும் ஷக்‌ஷூகா, துனிசியாவிலும் லிபியாவிலும் இருந்து புறப்பட்ட யூதர்களோடு வந்தது. நியூயார்க்கில் யூதச் சாப்பாடு என்றால் நடுவில் ஓட்டை விட்ட பேகல் ரொட்டி. வார்சாவில் அரைத்துப் பிடித்த மீன். கொச்சியில் தேங்காய்ப்பால். ஒரே பெயரின் கீழ் ஊருக்கு ஊர் பண்டம் வேறு. வெள்ளிக்கிழமை மட்டும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

இரண்டரை மணி.

முட்டை உடைபடுகிறது. நேராக மாவில் அல்ல. முதலில் ஒரு கண்ணாடித் தம்ளரில். அவள் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். திருப்பிப் பார்க்கிறாள். பிறகுதான் பாத்திரத்தில் ஊற்றுகிறாள். அடுத்த முட்டை. மறுபடி தம்ளர், மறுபடி ஜன்னல்.

நான்காவது முட்டையில் கடுகளவு சிவப்பு. ரத்தப் புள்ளி. தம்ளர் வாசல் பக்கம் போகிறது. கழுவப்பட்டுத் திரும்பி வருகிறது. ரத்தம் வயிற்றுக்குள் போகக்கூடாது. இறைச்சியைக்கூட உப்பில் ஊறவைத்து ரத்தம் வடித்துத்தான் சமைக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். இங்கே இறைச்சி இல்லை. முட்டைக்கு மட்டும் அந்தச் சட்டம் செங்கம் சாலை வரை வந்திருக்கிறது.

அம்மாள் எதிரே உட்கார்ந்து முறத்தில் ராச்சாப்பாட்டு அரிசியைப் புடைக்கிறாள். விரல் நுனியால் கல்லை ஒதுக்குகிறாள். ஒரு வண்டைச் சுண்டி எறிகிறாள். இவள் மைதாவைச் சலிக்கிறாள். சல்லடையைக் கவிழ்த்துப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறாள். புழு பூச்சி தின்னக்கூடாது என்பதும் அதே சட்டம். கீரையை அதற்காகவே இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. முறம் ஒரு தாளம். சல்லடை ஒரு தாளம்.

மாவு பிசைகிறாள். பால் இல்லை, வெண்ணெய் இல்லை. எண்ணெய்தான். வெள்ளி இரவு ரொட்டி பெரும்பாலும் கறியோடு சாப்பிடுவது. கறியும் பாலும் ஒரே வேளையில் சேரக்கூடாது. ஆட்டுக்குட்டியையும் அதன் தாய்ப்பாலையும் ஒரே சட்டியில் ஏற்றக்கூடாது என்ற விலக்கு யூத வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதை வைத்து மதகுருக்களான ரபீக்கள் ஒரு சமையற்கட்டையே இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு சட்டி, இரண்டு கரண்டி, இரண்டு துடைக்கும் துணி. இந்தச் சமையற்கட்டில் கறிச்சட்டி என்று ஒன்று கிடையாது. சட்டத்தின் பெரிய பாரம் வாசற்படியிலேயே இறங்கிவிடுகிறது. கட்டுப்பாடாக இருக்கும் யூதர்கள் இந்தியாவில் சைவ ஓட்டலைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

மாவு உப்புகிறது. உப்பிய மாவிலிருந்து எலுமிச்சை அளவு ஓர் உருண்டையைக் கிள்ளுகிறாள். உதடு அசைகிறது. உருண்டையை அலுமினியத் தாளில் சுற்றி அடுப்படியில் வைக்கிறாள். அது யாருக்கும் இல்லை. நெருப்பில் கருகிப் போக வேண்டும்.

இந்த உருண்டைதான் ஹல்லா. ரொட்டிக்குப் பெயர் வந்ததே இதனால்தான். ஜெருசலேமில் கோயில் இருந்தவரை இந்தப் பங்கு பூசாரிகளுக்குப் போனது. கி.பி. 70-ல் ரோமானியப் படை கோயிலை இடித்தது. வாங்கிக்கொள்ளும் கை இல்லாமல் போனது. கொடுக்கும் கை நிற்கவில்லை. கொஞ்ச மாவு பிசைந்தால் எடுக்க வேண்டாம், நிறையப் பிசைந்தால் எடுத்தாக வேண்டும். இவள் பிசைந்த இரண்டு கிலோ நிறைய.

அம்மாளுக்கு இதை யாரும் விளக்கவில்லை. காலையில் சோறு வடித்ததும் ஒரு பிடி எடுத்து மதில்மேல் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் அவள் இலை போட்டாள். அலுமினிய உருண்டையைப் பார்க்கிறாள். அடுப்புக்குள் தள்ளிவிடுகிறாள்.

மாவு ஆறு புரியாக நீளுகிறது. பெண் பின்னத் தொடங்குகிறாள். கடைக்காரரின் மகள் பள்ளி விட்டு வந்து நிற்கிறாள். ஒரு தோளில் பை, இரட்டைச் சடை. அவள் கண் ஆறு புரியையும் எண்ணுகிறது. மூன்றாவது மடிப்பில் கையைக் காட்டித் தடுக்கிறாள். தப்புப் புரி. அவிழ்த்துப் பின்னல் மறுபடி தொடங்குகிறது.

இரண்டு ரொட்டி. எப்போதும் இரண்டு. பாலைவனத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு மடங்கு விழுந்தது என்பது கதை. மறுநாள் ஓய்வு. பொறுக்கப் போகக்கூடாது.

மூன்றரை. தாடி வைத்த இளைஞன் வருகிறான். தலையில் கையகலத் தொப்பி, கொக்கியில் நிற்கிறது. சமையற்கட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். கையை நீட்டுகிறான். அம்மாள் லைட்டரைக் கொடுக்கிறாள். அவன் அடுப்பைப் பற்ற வைக்கிறான். லைட்டரைத் திரும்பக் கொடுக்கிறான். தலையைக் குனிகிறான். போகிறான்.

அவ்வளவுதான் வேலை. பிறர் சமைத்ததை உண்ணக்கூடாது என்று ஒரு பழைய விதி. ஒரு யூதர் நெருப்பை மூட்டிவிட்டால் போதும், மீதியை யாரும் சமைக்கலாம் என்று அந்த விதிக்கு ஒரு வழி. வெள்ளிக்கிழமைகளில் அம்மாள் மூன்று மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். லைட்டரை ஜன்னல் மேடையில் எடுத்து வைத்துவிடுகிறாள். எடுபிடிப் பையன் மறந்துபோய்ப் பற்றவைக்கப் போனால் கையில் ஓர் அடி.

"அந்தப் புள்ள வரட்டும், இருடா."

பின்கட்டில் உமி அடுப்பு. அதில் நாளைக்கான பானை ஏறுகிறது. கொண்டைக்கடலை, கோதுமை, உருளைக்கிழங்கு, முழு வெங்காயம். மேலே ஓட்டோடு பத்து முட்டை. வெங்காயச் சருகு ஒரு கை, டீத்தூள் ஒரு கரண்டி. முட்டை ராவெல்லாம் கிடந்து ஓடும் உள்ளும் மரநிறமாகும்.

போன மாதம் இந்தப் பானை கேஸ் அடுப்பில் இருந்தது. ராத்திரி முழுக்கச் சிறு தீ. கடைக்காரர் காலையில் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அரிசி ஆலையிலிருந்து ஒரு மூட்டை உமி வந்தது.

வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை நெருப்பு மூட்டக்கூடாது, அணைக்கக்கூடாது, சமைக்கக்கூடாது. ஆனால் சனிக்கிழமை பட்டினி கிடக்கக்கூடாது. சூடாகவும் சாப்பிட வேண்டும். இந்த முடிச்சிலிருந்து பிறந்தது இரவுப் பானை. போலந்தில் அது சோலண்ட். பாக்தாதில் கோழிக்குள் அரிசி அடைத்த த்பீத். மொராக்கோவில் ஸ்கீனா. ஸ்பெயினில் அதாஃபினா.

ஸ்பெயினில் அந்தப் பானை ஆளைக் காட்டிக்கொடுத்தது. வெளியே கிறிஸ்தவராகி உள்ளே யூதராக இருந்தவர்களைப் பிடிக்க 1478-ல் விசாரணை மன்றம் வந்தது. சனிக்கிழமை எந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை என்று பார்த்தார்கள். யார் வீட்டில் கொண்டைக்கடலையும் கத்தரிக்காயும் முந்தின இரவே அடுப்பேறியது என்று வேலைக்காரிகளைக் கேட்டார்கள். பதிவேடுகளில் பானைச் சாமான்கள் சாட்சியமாக இருக்கின்றன. 1492-ல் மிச்சமிருந்த யூதர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள்.

அந்த வழியில் வந்தவர்கள் சிலர் கொச்சியில் நின்றார்கள். மட்டாஞ்சேரியில் அவர்களின் பரதேசி ஜெபாலயம் 1568-ல் எழுந்தது. வேறு சிலர் பின்னால் லண்டன் வழியாகச் சென்னப்பட்டணம் வந்தார்கள். மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போனார்கள். பவளக்காரத் தெரு அவர்கள் தொழிலின் பெயரைச் சுமக்கிறது. அவர்களில் ஒருவரான ஜாக் தெ பைவா 1687-ல் அங்கேயே இறந்தார். கல்லறைகள் இடம் மாறி மாறி லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன. சென்னையில் யாரும் அவர்கள் பானையைச் சமைப்பதில்லை.

பின்கட்டில் அம்மாள் பானைக்கும் நெருப்புக்கும் நடுவே தகரம் ஒன்றைச் செருகுகிறாள். மூடியின் விளிம்பில் மைதாப் பசை பூசுகிறாள். பசையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வருகிறாள்.

நாலரை. ஆசிரம வாசலில் மயில் ஒன்று மதில்மேல் நடக்கிறது. பகல் பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மணி அடித்து, இலைகள் எடுத்து, தரை கழுவி வெகு நேரமாகிறது. வெளிநாட்டுக்காரர்கள் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வாசலுக்கு யூதர்கள் வருவது நேற்று இன்று அல்ல. 1934-ல் லண்டனில் வெளியான நூலால் ரமணரை மேல்நாட்டுக்கு அறிமுகப்படுத்திய பால் பிரண்டன், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மொரிஸ் ஃப்ரீட்மன் வார்சாவின் யூதச் சேரியிலிருந்து வந்த பொறியாளர். எஸ்.எஸ். கோஹன் இராக்கிலிருந்து வந்தவர். 1936-ல் இங்கே வந்து, பலாக்கொத்துப் பக்கம் குடிசை போட்டுத் தங்கினார். 1980-ல் காலமானார். ஆசிரமத்துக்குள்ளேயே அவர் சமாதி இருக்கிறது. மூவரும் இங்கே இலை போட்டுச் சாப்பிட்டவர்கள். விடியற்காலையில் ரமணரே சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிய காலம் அது.

கோஹன் சமாதிப் பக்கம் முதியவர் ஒருவர் வருகிறார். வெள்ளைச் சட்டை, கைத்தடி. டெல் அவிவை ஒட்டிய ராமத் கானில் பிறந்தவர். பெற்றோர் பாக்தாத். கல்லின் முன்னால் கொஞ்சம் நிற்கிறார். கீழே குனிந்து ஒரு கூழாங்கல்லைத் தேடி எடுக்கிறார். சமாதியின் ஓரத்தில் வைக்கிறார். யூதர்கள் கல்லறைக்குப் பெரும்பாலும் பூ வைப்பதில்லை.

பிறகு மெதுவாகச் சந்துப் பக்கம் நடக்கிறார். இரண்டாவது மாட்டைக் கடக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்பு. மாடியில் அவசரம். வெந்த ரொட்டி இரண்டும் மேசையில். மேலே எள் ஒட்டியிருக்கிறது. அவற்றை மூடப் பூவேலை செய்த துணி இல்லை. கரைவேட்டித் துண்டு மூடியிருக்கிறது. கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்து ஒரு பிரம்புக் கூடைக்குள் போகின்றன. எல்லாரும் போடவில்லை. பாதிப் பேர்.

சுருள்முடிப் பெண் மெழுகுவத்திகளை ஏற்றுகிறாள். கைகளை மூன்று முறை சுழற்றி வெளிச்சத்தைத் தன் பக்கம் இழுக்கிறாள். கண்களைப் பொத்திக்கொள்கிறாள்.

எதிர்வீட்டில் பூ வைத்த பெண் ஒருத்தி வாசல் தெளித்து, மாடத்தில் காமாட்சி விளக்கை வைக்கிறாள். வெள்ளிக்கிழமை விளக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவே பத்தடிச் சந்து.

ஆறு மணி. மலையுச்சியில் தீ. தெருவே நிமிர்கிறது. இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்புகிறார். "அண்ணாமலையானுக்கு" என்று ஒரு குரல். "அரோகரா" என்று தெரு. அதே நொடியில் நூறு கைபேசிகள் உயருகின்றன. மேகம் விலகி, மூடி, மறுபடி விலகுகிறது.

மாடியில் தாடிக்காரனும் நிமிர்ந்து பார்க்கிறான். அவன் கை சட்டைப்பைக்குப் போகிறது. பை காலி. கையை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்கிறான். தீ அடங்கிச் சிவப்புப் பொட்டாகும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

ஒயின் இல்லை. உலர்திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவைத்துப் பிழிந்த சாறு இருக்கிறது. கொச்சி யூதர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஒரு வெள்ளித் தம்ளர், கடைக்காரர் வீட்டுக் குழந்தையின் பெயர் பொறித்தது, நிறைய ஊற்றப்படுகிறது. முதியவர் எழுந்து நின்று அதன்மேல் ஆசிமொழி சொல்கிறார். தம்ளர் கை மாறுகிறது.

கை கழுவுதல். செம்பில் தண்ணீர். வலக்கையில் ஊற்றி, இடக்கையில் ஊற்றி. கழுவிய கையோடு பேசக்கூடாது. ரொட்டியைப் பிய்த்து வாயில் போடும்வரை மௌனம். பதினைந்து பேர் ஈரக் கையோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். பையன் தட்டுகளோடு படியேறி வருகிறான். சத்தம் இல்லாததைக் கண்டு பாதிப் படியிலேயே நின்றுவிடுகிறான்.

துண்டு விலகுகிறது. ரொட்டி பிய்கிறது. கல்லுப்பில் தொட்டு எல்லார் கைக்கும் போகிறது. பலிபீடத்தில் படைத்த எதிலும் உப்பு இருந்தது. இன்று சாப்பாட்டு மேசைதான் பலிபீடம் என்று வைத்துக்கொண்ட சமூகம் உப்பை விடவில்லை. ஒரு துண்டு படியில் நிற்கும் பையனுக்கும் வருகிறது. இரு கையாலும் வாங்கிக்கொள்கிறான்.

சனிக்கிழமை. காலை பத்து மணி.

பானை மூடியின் பசை காய்ந்து ஓடாகியிருக்கிறது. அம்மாள் கத்தியால் நெம்புகிறாள். ஆவி. கோதுமையும் கடலையும் ஒன்றோடொன்று குழைந்து பழுப்பாகியிருக்கின்றன. முட்டையை உரிக்கிறாள். வெள்ளைக்கரு தேக்குநிறம். மோந்து பார்க்கிறாள்.

நேற்றே வட்டமாக நறுக்கி உப்புப் போட்டுப் பிழிந்து பொரித்துவைத்த கத்தரிக்காய், தட்டில் ஆறிக் கிடக்கிறது. குபூஸ் ரொட்டியைப் பிளந்து அதில் கத்தரிக்காய், முட்டை வில்லை, எள் விழுது, பொடியாக அரிந்த வெள்ளரி, தக்காளி. இதுதான் சபீஹ்.

பாக்தாத் யூதர்கள் சனிக்கிழமை காலையில் இவற்றை ஆறின நிலையிலேயே தின்றார்கள். மூட்டாத நெருப்புக்கு ஏற்ற பலகாரம். 1950, 51-ல் ஏறக்குறைய 1,20,000 யூதர்கள் இராக்கை விட்டு இஸ்ரேலுக்குப் பறந்தார்கள். ஒரு பெட்டியும் கொஞ்சம் பணமும்தான் எடுத்துப்போக முடிந்தது. கத்தரிக்காயை எங்கேயும் வாங்கலாம். 1961-ல் ராமத் கானில் இராக்கியர் ஒருவர் இவற்றை ரொட்டிக்குள் அடைத்துக் கடை போட்டார். இப்போது அது அந்த நாட்டின் தெருத்தீனி.

சபீஹுக்கு ஒன்று குறைகிறது. முதியவர் ரொட்டியைப் பிரித்துப் பார்க்கிறார். ஆட்காட்டி விரலால் மஞ்சள் வண்ணத்தைக் காற்றில் வரைகிறார். "அம்பா" என்கிறார்.

அம்மாள் அவரை "அம்மா" என்று கூப்பிட்டதாக எடுத்துக்கொள்கிறாள். "என்னா வேணும் சாமி?"

சுருள்முடிப் பெண் மாங்காய் என்று கையால் காட்டுகிறாள். அம்மாள் உள்ளே போகிறாள். பரணிலிருந்து சீனா ஜாடி இறங்குகிறது. கட்டியிருந்த துணி அவிழ்கிறது. கோடையில் போட்ட வெந்தய மாங்காய். மஞ்சள், வெந்தயம், உப்பு, எண்ணெய்.

அம்பா பாக்தாதுக்குப் போனதே இந்தியாவிலிருந்துதான். 1830-களில் பாக்தாதிலிருந்து பம்பாய்க்கு வந்த டேவிட் சாசூனின் குடும்பமும் மற்றக் குடும்பங்களும் இரண்டு ஊர்களுக்கும் நடுவே பஞ்சு, துணி வியாபாரம் நடத்தின. அந்தக் கப்பல்களில் மாங்காய் ஊறுகாயும் பஸ்ரா போனது. மராத்தியில் மாம்பழத்துக்கு உள்ள பெயரோடேயே போனது. கத்தரிக்காயும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பு இதே திசையிலிருந்து போனதுதான்.

முதியவர் ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறார். கடிக்கிறார். நெடுநேரம் மெல்லுகிறார். மூக்கு சிவக்கிறது. ஜாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்.

ஜாடி அவர் பக்கமே இருந்துவிடுகிறது.

சனி மாலை. பதினோராம் நாள் தீபம், கடைசித் தீபம். கூட்டம் அதிகம். கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டரும் வெறுங்கால்கள். மலை 2,668 அடி. உச்சியில் செப்புக் கொப்பரை. நெய் ஆயிரக்கணக்கான கிலோ, திரி ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணி. ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு.

மாடியில் மூன்று நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மேகம். ஒன்று தெரிகிறது. இரண்டு தெரிகின்றன. தாடிக்காரன் கழுத்தை வளைத்து வளைத்துத் தேடுகிறான்.

மூன்றாவது கிடைத்ததும் ஓய்வுநாள் முடிகிறது. வாசனைத் திரவியத்தை முகர்ந்து வழியனுப்புவது முறை. வெள்ளியில் கோபுரம் போலச் சிறு டப்பி செய்து வைத்திருப்பார்கள். இங்கே அம்மாளின் அஞ்சறைப்பெட்டி மேலே வருகிறது. ஏலக்காய், கிராம்பு, பட்டை. ஒருவர் முகர்ந்து அடுத்தவரிடம் நீட்டுகிறார். கடைக்காரரின் மகளும் முகர்ந்து தும்முகிறாள். மிளகு அறையில் மூக்கை வைத்துவிட்டாள்.

கொட்டகை மூலையில் இன்னொரு பெண். நிறமும் முகவெட்டும் நம்மூர். இஸ்ரேலில் பிறந்தவள். தாய் மும்பையிலிருந்து போன பெனே இஸ்ரேல் குடும்பம். கொங்கண் கடற்கரையில் பல நூற்றாண்டு எண்ணெய் ஆட்டிப் பிழைத்த யூதர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் அக்கம்பக்கத்தார் அவர்களைச் 'சனிவார் தேலி' என்றார்கள். அவள் அவலை நனைக்கிறாள். தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய்ப் பொடி, திராட்சை. சுற்றி வாழைப்பழமும் மற்றப் பழங்களும் அடுக்குகிறாள். மலிதா. எலியாகு தீர்க்கதரிசிக்குச் செய்யும் நேர்ச்சை. அவர் அலிபாக் பக்கம் கண்டாளாவில் இறங்கி விண்ணேறினார், பாறையில் தேர்த்தடம் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

மற்ற யூதர்கள் தட்டைக் கூர்ந்து பார்க்கிறார்கள். என்னவென்று கேட்கிறார்கள். அம்மாள் கேட்கவில்லை. ஒரு வாழை இலையைக் கிழித்து நீட்டுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை. கொப்பரை மலையிறங்குகிறது. தோள்மாற்றித் தோள்மாற்றித் தூக்கி வருகிறார்கள். அடியில் படிந்த கரி, மையாகும். ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தியபின் வீடுகளுக்குப் போகும்.

மலையில் தீ அணைந்த மறுநாள் மாடியில் யூதர்களின் ஹனுக்கா பண்டிகை தொடங்குகிறது. இரண்டு பண்டிகைக்கும் நிலாவைப் பார்த்துத்தான் நாள் வைக்கிறார்கள். கார்த்திகைத் தீபம் பௌர்ணமியை ஒட்டி. ஹனுக்கா கிஸ்லேவ் மாதம் இருபத்தைந்து. 2020-ல் தீபம் நவம்பர் 29, ஹனுக்கா முதல் விளக்கு டிசம்பர் 10. 2023-ல் நவம்பர் 26, டிசம்பர் 7. 2025-ல் டிசம்பர் 3, டிசம்பர் 14. மூன்று முறையும் பதினோரு நாள் இடைவெளி. மகாதீபம் எரிவதும் பதினோரு நாள்.

ஹனுக்காவின் கதை எண்ணெயைப் பற்றியது. கி.மு. 164 வாக்கில் மக்கபேயர் ஜெருசலேம் கோயிலைக் கிரேக்க அரசனிடமிருந்து மீட்டார்கள். விளக்கேற்றப் பார்த்தால் முத்திரை உடையாத எண்ணெய் ஒரு குப்பிதான் இருந்தது. ஒரு நாளைக்குக் காணும். எட்டு நாள் எரிந்தது. அதனால் எட்டு விளக்கு, எட்டு நாளும் எண்ணெயில் பொரித்த பலகாரம். கிழக்கு ஐரோப்பாவில் அது உருளைக்கிழங்கு லாட்கே. அமெரிக்காவிலிருந்து கிழங்கு வரும்முன் இத்தாலியில் பாலாடைக்கட்டிப் பணியாரம். ஜாம் வைத்த சுஃப்கானியா 1920-களில் தொழிலாளர் சங்கம் ரொட்டிக்காரர்களுக்கு வேலை வேண்டுமென்று பரப்பியது.

திண்ணையில் கார்த்திகைக்கு வாங்கிய அகல்கள் அடுக்கியிருக்கின்றன. பெண் ஒன்பதை எண்ணி எடுக்கிறாள். எட்டு வரிசையாக. ஒன்பதாவது செங்கல்மேல் உயரமாக. அது மற்றவற்றை ஏற்றும் விளக்கு. முதல் நாள் என்பதால் வரிசையில் ஓர் அகல்தான் எரிகிறது. ஏழு காத்திருக்கின்றன.

சமையற்கட்டில் உருளைக்கிழங்கு துருவி, துணியில் பிழிந்து, வெங்காயம், முட்டை, உப்பு சேர்த்தாகிவிட்டது. வாணலியில் கடலை எண்ணெய். மல்லாட்டை விளையும் ஜில்லா இது. எண்ணெய் செக்கில் ஆட்டியது. அம்மாள் ஒரு துளி மாவைப் போட்டுப் பார்க்கிறாள். மேலே வருகிறது. தட்டித் தட்டிப் போடுகிறாள். ஓரம் முறுகியதும் ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுக்கிறாள். முதல் ஈடு மாடிக்குப் போகிறது. இரண்டாம் ஈடும் போகிறது. மூன்றாம் ஈட்டுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களே கீழே வந்து நிற்கிறார்கள்.

பெண் விரல் விட்டுக் காட்டுகிறாள். இன்று ஒன்று. நாளை இரண்டு. எட்டுவரை.

அம்மாள் எண்ணெய் டின்னைத் தூக்கிக் குலுக்குகிறாள். சத்தத்தைக் கேட்கிறாள். "எட்டு நாளைக்கா? ரெண்டு நாளைக்கே வராதும்மா இது."

மாடியிலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். முதியவர் அதை எபிரேயத்தில் சொல்லச் சொல்லிக் கேட்கிறார். பெண் சொல்கிறாள். சமையற்கட்டு முழுக்கச் சிரிப்பு. அம்மாளுக்கு என்னவென்று புரியவில்லை. அவளும் சிரிக்கிறாள். பையனைக் கூப்பிட்டு டின்னைக் கையில் கொடுக்கிறாள்.

"செக்குக்காரர் கடைய சாத்திடுவாரு, ஓடு. அஞ்சு லிட்டர் வாங்கியா. நாளைக்குப் பத்து கிலோ கெழங்கும் சொல்லிட்டு வா."